பால் பல் பருவத்துப் பாடம்: நாய்க்குட்டியின் கடியும் காவிரிப் படுகை வீடுகளும்

சம்பா அறுவடை நடந்து களத்து மேட்டில் வைக்கோல் போர் ஏறும் காலத்தில் தஞ்சை வட்டாரத்துத் தெருக்களில் நாய்க்குட்டிகள் பெருகும். நம் நாட்டுத் தெருநாய்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை இணைசேர்பவை. சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். குட்டி போடுவது பனிக்காலத்திலும் அதை ஒட்டியுமே மிகுதி. போரடியிலோ மதகுக் கட்டையின் மறைவிலோ ஐந்தாறு குட்டிகள் சுருண்டு கிடக்கும். கண் திறந்து நாலு எட்டு நடக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மணி என்றோ ஜிம்மி என்றோ பெயர் விழும். கொஞ்ச நாளில் புகார் தொடங்கும்: கை, கால், பாவாடை ஓரம், வேட்டி நுனி, எதைக் கண்டாலும் கடிக்கிறது.

இதற்கு வீடுகளில் கிடைக்கும் பதில்கள் மூன்று. குட்டிதானே, வளர்ந்தால் விட்டுவிடும் என்பது முதலாவது. மூஞ்சியில் ஒன்று போட்டால் அடங்கிவிடும் என்பது இரண்டாவது. கடிக்கிற குட்டிதான் நல்ல காவல் நாயாகும், பழக்கிக் கெடுக்காதே என்பது மூன்றாவது. நாய்களின் நடத்தை பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் மூன்றுமே தேறுவதில்லை. அதற்காக வெளிநாட்டுப் பயிற்சி நூல்களை அப்படியே இங்கே இறக்கிவிடவும் முடியாது. ரேபீஸ் எனும் வெறிநோய் நாய்களிடையே ஒழிந்த நாட்டின் முறைக்கும், அது இன்னும் ஆளைக் கொல்லும் நாட்டில் வேண்டிய முறைக்கும் வேறுபாடு இருந்தாக வேண்டும். அந்த வேறுபாடு எங்கே வருகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

குட்டி ஏன் கடிக்கிறது

பிறக்கும்போது நாய்க்குட்டிக்குப் பல் இல்லை. இரண்டாவது வாரத்தில் கண் திறக்கிறது. மூன்றாவது வாரம் காது கேட்கத் தொடங்கும்போதே பால் பற்களும் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் 28 பற்களும் வந்துவிடுகின்றன. நான்காம் மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் நிலைப் பற்கள் 42 அமைகின்றன. குட்டியின் தாடைக்கு வலு குறைவு, பல்லோ ஊசி முனை. அதனால் இலேசாகக் கவ்வினாலும் எதிராளிக்கு வலிக்கும், எலும்பு முறியாது. விளையாட்டில் எவ்வளவு அழுத்தலாம் என்பதைப் பெரிய சேதமில்லாமல் கற்க இயற்கை கொடுத்த அவகாசம் இது.

கடியின் காரணமும் ஒன்றல்ல. கையில்லாத பிராணி உலகை வாயால்தான் தடவிப் பார்க்கிறது. விளையாட்டுக்கு அழைப்பதும் வாயால்தான். பல் மாறும் மாதங்களில் ஈறு தினவெடுத்துக் கண்டதையும் மெல்லும். இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: தூக்கமின்மை. இளங்குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கும் மேல் தூங்க வேண்டியது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் மாலை முழுதும் அதைக் கையில் வைத்து விளையாடினால், விளக்கு வைக்கும் நேரத்தில் அது வெறி பிடித்தாற்போல் ஓடி ஓடிக் கடிக்கும். அதற்கு அப்போது வேண்டியது இருட்டான மூலையும் அமைதியும்.

இவற்றுக்கு வெளியே நிற்பது அச்சக் கடி. உடல் விறைத்து, வால் ஒடுங்கி, கண் வெள்ளை தெரிய, உறுமிவிட்டுக் கடிக்கும் குட்டி விளையாடவில்லை. உறுமல் அதன் எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கும் குட்டி உறுமுவதை மட்டுமே விடும். பிற்காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும் நாய்கள் சில இப்படியும் உருவாகின்றன.

தாயும் உடன்பிறந்த குட்டிகளும்

அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் ஐந்து நாய் இனங்களைப் பல்லாண்டு வளர்த்துக் கவனித்து 1965இல் வெளியிட்ட நூல், நாய்க்குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலத்தைச் சமூகப் பழக்கத்தின் வாசல் என்று நிறுவியது. அதற்கு முன் 1961இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதரோடு பழகாமல் வேலியிட்ட வெளியில் வளர்ந்த குட்டிகள், பிறகு எவ்வளவு பழக்கியும் மனிதரை நெருங்கவில்லை. இந்த வாசல் திறந்திருக்கும்போது குட்டி இரண்டு பாடங்களைப் படிக்கிறது. எவரெல்லாம் தன் உலகத்தவர் என்பது ஒன்று. பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பது இன்னொன்று.

இரண்டாவது பாடத்துக்கு முதல் ஆசிரியர்கள் தாயும் கூடப் பிறந்த குட்டிகளும். விளையாட்டில் ஒன்று அளவு மீறிக் கடித்தால் கடிபட்டது வீறிட்டு விலகிவிடும், விளையாட்டு நின்றுபோகும். முலைக்காம்பில் பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். அழுத்தினால் இன்பம் நின்றுவிடும் என்பதை நாளுக்குப் பலமுறை அனுபவித்து அந்த வாய் மென்மையாகிறது. நான்கு வாரத்தில் தூக்கி வரப்பட்ட குட்டி இந்தப் பாடத்தைத் தொடங்கிய உடனேயே படிப்பை நிறுத்தியது.

இதன் விளைவைக் காட்டும் ஆய்வு ஒன்று 2011இல் இத்தாலியிலிருந்து வந்தது. 30 முதல் 40 நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட 70 நாய்களையும், இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்ட 70 நாய்களையும் அவை வளர்ந்த பின் ஒப்பிட்டார்கள். முன்னதாகப் பிரிக்கப்பட்டவற்றில் அச்சம், ஓயாத குரைப்பு, பொருளை நாசம் செய்தல், உணவையும் விளையாட்டுப் பொருளையும் யாரும் தொட விடாமல் காத்தல் ஆகியவை கூடுதலாக இருந்தன. கடைசியாகச் சொன்ன குணம்தான் சோற்றுத் தட்டருகே போகும் சிறு பிள்ளையின் கையில் பல்லாக இறங்குகிறது. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. காசு கொடுத்து வாங்கும் ராஜபாளையம், சிப்பிப்பாறைக் குட்டிக்கு உள்ள இந்தக் காப்பு, போரடியிலிருந்து சும்மா தூக்கி வரும் குட்டிக்குச் சட்டத்தில் இல்லை.

ஆனால் தெருவில் விட்டுவைத்தால் குட்டி செத்துப்போகும் என்று சொல்வோரையும் ஒதுக்கிவிட முடியாது. கொல்கத்தாவை அடுத்த ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத்துத் தெருநாய்களின் 364 குட்டிகளைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏழு மாத வயதை எட்டியவை 19 விழுக்காடுதான். இறந்தவற்றில் 63 விழுக்காட்டுக்கு நேராகவோ மறைமுகமாகவோ மனிதர் காரணம். அப்படியானால் குட்டியைத் தனியே பிரிப்பதைவிட, தாயையும் குட்டிகளையும் சேர்த்து மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் இடம் கொடுத்து வைப்பதே வழி. நாலு வார காலம் தாய்க்கு ஒரு வேளைச் சோறு கூடுதலாக வைத்தால் போதும். குட்டியைக் கேட்டு வைத்தவர்கள் அந்த நாட்களில் வந்து பார்த்து, தொட்டுப் பழக்கிப் போகலாம்.

அடித்துத் திருத்துவது

மூக்கில் தட்டுவது, வாயை இறுகப் பிடிப்பது, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது, சுருட்டிய செய்தித்தாளால் அடிப்பது ஆகியவை ஊர் உலகமெங்கும் உண்டு. மேலைநாட்டில் இவற்றுக்கு அறிவியல் சாயம் பூசியது ஓநாய்க் கதை. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைப்பில் வாழ்ந்த ஓநாய்களைக் கண்டு எழுதியதிலிருந்து, கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன் அடக்கி ஆள்கிறான் என்ற கருத்து பரவியது. 1970இல் வந்த டேவிட் மெக்கின் ஓநாய் நூல் அதை மேலும் பரப்பியது. பிறகு காட்டில் வாழும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த அதே மெக் 1999இல் அக்கருத்தை மறுத்து எழுதினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம், பெற்றோர் வழிநடத்துகிறார்கள், அவ்வளவே. வீட்டு எஜமான் தன் தலைமையை நிறுவ நாயை அமுக்க வேண்டும் என்ற வாதம் அங்கே அடித்தளத்தை இழந்தது.

அடி வேலை செய்கிறதா என்பதற்கு நேர்ச் சான்று 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில் கிடைத்தது. நடத்தைச் சிக்கலுக்காக மருத்துவரிடம் வந்த நாய்களின் சொந்தக்காரர்களிடம், என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினரின் நாய்கள் சினந்து எதிர்த்தன. வாயிலிருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களிடம் 39 விழுக்காடு. மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களிடம் 31 விழுக்காடு. ஏற்கனவே சிக்கல் உள்ள நாய்களிடம் எடுத்த கணக்கு என்பதால் எல்லா நாய்க்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கடியை நிறுத்த எடுத்த வழி கடியைக் கொண்டுவருகிறது என்பது இதில் தெளிவு. அடிபட்ட குட்டி கடி தவறு என்று கற்பதில்லை; முகத்துக்கு நேரே வரும் கை ஆபத்து என்று கற்கிறது.

அடியில்லா வழிகள்

பயிற்சியாளர்கள் சொல்லும் வழிகளை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, கத்துவது. பல் அழுந்தியதும் "ஆ" என்று கூவிக் கையை அசையாமல் வைப்பது. உடன்பிறந்த குட்டியின் வீறலைப் போலச் செய்யும் முறை இது. சில குட்டிகள் திகைத்து விடும். சிலவற்றுக்கோ அந்தக் கூவல் விளையாட்டின் உச்சம். இன்னும் பாய்ந்து கடிக்கும். காது கேளாத குட்டியிடம் இது செல்லாது. வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு கூடுதல், ராஜபாளையத்திலும் அது உண்டு. எனவே வெள்ளைக் குட்டி சொல் கேட்கவில்லை என்று அடிப்பதற்கு முன், முதுகுப் பக்கம் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, விலகுவது. பல் தோலில் பட்ட கணமே விளையாட்டை நிறுத்தி, எழுந்து, பேசாமல் அரை நிமிடம் திரும்பி நிற்பது. தேவையானால் அறைக்கதவுக்கு அப்பால் போய்விடுவது. தாய் செய்வதும் இதுதான். சத்தம் தேவையில்லாததால் எல்லாக் குட்டிக்கும் பொருந்தும். ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்பதுதான் இதன் கடினம்.

மூன்றாவது, மாற்றுப் பொருள். கடிக்கத் தோன்றும் வாய்க்குக் கடிக்கத் தக்கதைக் கொடுப்பது. பழைய வேட்டித் துணியை இறுக முறுக்கி முடிச்சுப் போட்டு, நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தால் ஈற்றுத் தினவு அடங்கும். நூல் பிரியத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தேங்காய் நாரை விழுங்கினால் அடைப்பு வரும். செருப்பைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் புதுச்செருப்பை மட்டும் விட்டுவை என்றால் குட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நான்காவது, நல்லதைப் பார்த்துக் கொடுப்பது. வாயைத் திறக்காமல் வந்து உட்கார்ந்த குட்டிக்கு ஒரு துளி வேகவைத்த முட்டையோ ஈரலோ கொடுத்துக் கொஞ்சுவது. வாயில் கவ்வியதை "விடு" என்று கேட்டு, விட்டதும் அதைவிட நல்லதைக் கொடுத்து மாற்றிக்கொள்வது. உணவைக் காத்துச் சீறும் குணத்துக்கு இதைவிடச் சிறந்த முன்தடுப்பு இல்லை.

கலிபோர்னியாவிலிருந்து காவிரிக்கு

இந்த வழிகளை ஒரு திட்டமாகக் கோத்தவர் இயன் டன்பார். இங்கிலாந்தில் படித்த கால்நடை மருத்துவர். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இளங்குட்டிகளுக்கென்றே பயிற்சி வகுப்பு தொடங்கியவர். அவருடைய வரிசை இது: முதலில் கடியின் அழுத்தத்தைக் குறை, பிறகு எண்ணிக்கையைக் குறை. குட்டி மெதுவாகக் கவ்வுவதைத் தொடக்கத்தில் அனுமதிக்க வேண்டும். அப்போதுதான் மென்மையைக் கற்கும். எப்போதாவது வலியிலோ அச்சத்திலோ கடிக்க நேர்ந்தாலும் தோல் கிழியாது என்பது வாதம். இதற்கு எதிராக, மனிதத் தோலில் பல் படவே கூடாது என்று முதல் நாளிலிருந்தே விதி வைப்போரும் உண்டு. குட்டிக் காலத்தில் மென்மை பழகிய நாய் வளர்ந்த பின்னும் மென்மையாகவே கடிக்கும் என்பதை நேரடியாக அளந்து காட்டிய ஆய்வுகள் குறைவு. பெரும்பாலும் பயிற்சியாளர்களின் அனுபவமே அதற்கு ஆதாரம். அங்கே இது பாணி பற்றிய விவாதம். இங்கே அது உயிர் பற்றியது.

அமெரிக்கா நாய் வழி ரேபீஸிலிருந்து விடுபட்டதாக 2007இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலோ இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைக் கணிப்பு, ஆண்டுக்கு 91 லட்சம் விலங்குக் கடிகளும் 5,726 ரேபீஸ் மரணங்களும் நிகழ்வதாகச் சொல்கிறது. கடிகளில் முக்கால் பங்கு நாயால். தமிழ்நாட்டில் 2024இல் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், ரேபீஸால் இறந்தவர்கள் 43 பேர். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. எதிர்ப்பாற்றல் ஊன்ற மேலும் சில வாரங்கள் ஆகும். அதாவது பல் மிகக் கூர்மையாகவும் கடி மிக அதிகமாகவும் இருக்கும் வாரங்கள்தான் ஊசிப் பாதுகாப்பு இல்லாத வாரங்களும். சமூகப் பழக்கத்தின் வாசல் மூடுவதும் அதே வேளையில். ஊசி போடும் வரை ஒதுக்கி வைத்தால் பாடம் போகும். தோளில் போட்டுக் கொஞ்சினால் பல் படும்.

டன்பாரின் வரிசையை இங்கே பாதியாகப் பிரித்துக்கொள்வதே இதற்கு விடை. அழுத்தத்தைக் குறைக்கும் பாடம் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் எட்டு வாரம் வரை நடக்கட்டும். மனிதக் கைக்கு வந்த நாள் முதல், தோலில் பல் படக்கூடாது என்ற ஒரே விதி நடக்கட்டும். வாய் முழுக்கத் துணி முடிச்சுக்கு. கை தடவிக் கொடுக்கவும் சோறு வைக்கவும் மட்டுமே.

குட்டியின் பல் பட்டுக் கீறினால் என்ன செய்வது என்பதிலும் குழப்பம் வேண்டாம். ரத்தம் வராத கீறலும் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இரண்டாம் வகைக் கடி. அதற்கும் தடுப்பூசி உண்டு. தோலைத் துளைத்தால் மூன்றாம் வகை. எதிர்ப்புப் புரத மருந்தும் சேர்த்துத் தர வேண்டும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். குட்டி வீட்டோடு கண் முன்னே இருந்தால் பத்து நாள் கவனித்து மேற்கொண்டு ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் காப்பித்தூளும் காயத்தைக் கெடுப்பவை. தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பழைய பயத்தில் பிள்ளைகள் கடியை மறைப்பதும் உண்டு. அந்த ஊசிமருந்தின் காலம் 2004இலேயே முடிந்துவிட்டது. இன்று கையில் போடும் சில ஊசிகளே.

காவல் கெட்டுப்போகுமா

கடிக்கப் பழகாத நாய் களத்தைக் காக்குமா என்ற ஐயம் விவசாய வீட்டில் நியாயமானது. மோட்டார் கொட்டகையில் செப்புக் கம்பியும் களத்தில் மூட்டையும் இருக்கும் வீட்டுக்கு நாய் வெறும் அலங்காரம் அல்ல. ஆனால் காவலின் பெரும் பகுதி குரைப்பு. அந்நியர் யார் என்று அறிந்து குரைக்க, அந்நியர் அல்லாதார் யார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். விடியலில் நடவுக்குப் போகும் பெண்கள், பால்காரர், தபால்காரர், வரப்பில் மண்வெட்டியோடு வரும் பங்காளி ஆகியோரைப் பதினான்கு வாரத்துக்குள் பார்த்துப் பழகிய நாய்தான் நள்ளிரவில் வருபவரைப் பிரித்தறியும். குட்டி முதலே சங்கிலியில் கிடந்த நாய் எல்லோரையும் பார்த்துப் பாயும். அதன் சத்தத்துக்கு யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள். அது கட்டவிழ்ந்து ஓடும் நாளில் கடிபடுவது பெரும்பாலும் திருடனாக இராது.

அறுவடைக்குப் பின் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடை போட வரும் கீதாரிகளின் நாய்களைப் பார்த்தாலே இந்த ஐயம் தீரும். இரவில் கிடையை நெருங்குவோரைக் குரைத்து நிறுத்தும் நாய், காலடியில் துள்ளும் ஆட்டுக்குட்டியைத் தொடுவதில்லை. ஆடுகளோடு வளர்ந்த பழக்கம் அது. அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர் 1970கள் முதல் மந்தைக் காவல் நாய்களை ஆராய்ந்து சொன்னதும் இதையே: இளங்குட்டிப் பருவத்தில் ஆட்டோடு சேர்த்து வளர்த்தால் நாய் ஆட்டைத் தன் கூட்டமாகக் கொள்ளும்.

வீட்டார் படிக்க வேண்டிய பாடம்

குட்டியைப் பழக்குவதில் பெரும்பாலும் தோற்பது வீட்டாரின் ஒற்றுமை. அம்மா விலகுகிறார், அண்ணன் கையைக் கொடுத்துக் கடிக்க விட்டுச் சிரிக்கிறான், தாத்தா துண்டால் விரட்டுகிறார். மூன்று சட்டம் உள்ள வீட்டில் குட்டி எதையும் கற்பதில்லை. எல்லோரும் ஒரே சொல்லை, ஒரே செயலை வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குத் தனிப் பாடம் உண்டு. ஓடினால் குட்டி துரத்தும், வீறிட்டால் பாயும். குட்டி தாவும்போது கையைக் கட்டிக்கொண்டு மரமாக நிற்கச் சொல்லித் தர வேண்டும். தூங்கும், தின்னும் குட்டியைத் தொடக்கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையும் நாய்க்குட்டியையும் சேர்த்து விடவே கூடாது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் காலில் படும் சிறு பல்தடம்கூட ஆறாத புண்ணாகலாம் என்பதால் திண்ணையில் கால் நீட்டி அமரும் பாட்டிக்கும் குட்டிக்கும் இடையே ஒரு தடுப்புப் பலகை இருப்பது நல்லது.

யானைக்கும் குதிரைக்கும் சாத்திரம் எழுதிய மரபின் ஏடுகள் தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கின்றன. தெருவில் பிறந்த நாய்க்குட்டிக்கு இன்றைய அறிவைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, 2012 முதல் ஒரத்தநாட்டில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்கு உண்டு. தடுப்பூசி முகாமில் ஊசி போட்டு அனுப்பும்போது ஐந்து நிமிடம் வாய்ப் பாடமும் சொல்லலாம். மேற்கத்திய எண்களைக் கொண்டே பேச வேண்டியிருக்கும் நிலையை, நம் படுகையின் நாட்டு நாய்களைத் தொடர்ந்து கவனித்தால் மாற்றலாம்.

ஊராட்சிகளால் ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. பனிக்காலத்தில் எந்தத் தெருவில் எத்தனை குட்டிகள் என்று கணக்கெடுத்து, எட்டு வாரம் தாயோடு இருக்க விட்டு, பிறகு கேட்கும் வீடுகளுக்குக் கொடுத்து, மூன்று மாதத்தில் ஊசி போடுவது. குட்டிகள் பிரிந்ததும் தாய்க்குக் கருத்தடை. விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023 இந்தப் பொறுப்பை உள்ளாட்சிகளிடமே வைத்திருக்கின்றன. இப்படிச் செய்தால் கடிக்காத வீட்டு நாய்களும், குறைந்த தெருநாய்களும் ஒரே வேலையில் கிடைக்கும். இரண்டுக்கும் தொடக்கம், கண் திறந்து நடக்கத் தொடங்கிய குட்டியைப் பார்த்ததும் தூக்கிவிடாமல் இன்னும் ஒரு மாதம் பொறுப்பதுதான்.